உவமைக்கு முன்னே தன்மை

நம் பள்ளிக்கூடங்களில் தமிழ் படித்த எவரையேனும் நிறுத்தி, உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வேற்றுமை என்று கேட்டால், அவர் பள்ளியை விட்டு எத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும், சற்றே யோசித்துவிட்டு, 'மலர்முகம்' என்றால் உவமை, 'முகமலர்' என்றால் உருவகம் என்று சொல்லிவிடுவார். அதே மனிதரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, தம் தாயாரின் கையைப் பற்றியோ, தாம் தினந்தோறும் ஏறி இறங்கும் படிக்கட்டைப் பற்றியோ, பிறர் வாயிலிருந்து கேட்டறியாத ஓர் உருவகத்தை எழுதித் தரும்படி கேட்டால், அவர் கை அசையாமல் நின்றுவிடும். அணியை இனங்காணக் கற்பித்த கல்வி, அணியை ஆக்கக் கற்பிக்கவில்லை. பாட்டைக் கொடுத்து 'இதில் பயின்று வந்துள்ள அணி யாது?' என்று கேட்கும் வினாவுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் விடை எழுதிய பிள்ளை, தானும் ஒரு பொருளைப் பார்த்து, அதற்கு ஒப்பாக இன்னொரு பொருளைத் தன் மனத்திலிருந்து எடுத்து வைக்கலாம் என்னும் எண்ணமே இல்லாமல் வெளியே வந்துவிடுகிறான். இது பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கிறேன். உருவகத்தைக் கற்பிக்க முடியும் என்பதும், ஆனால் அதை உருவகத்திலிருந்தே தொடங்கலாகாது, பொருளை உள்ளபடி பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், அந்த வரிசையை நம்முடைய அணியிலக்கண நூல்களே நமக்கு வகுத்து வைத்திருக்கின்றன என்பதும்தான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் விஷயம்.

முதலில் இலக்கணத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மலர் போன்ற முகம் என்று சொல்லும்போது மலர் வேறு, முகம் வேறு. இரண்டுக்கும் நடுவே 'போன்ற' என்னும் சொல் நின்று, ஒற்றுமை உண்டு, ஆயினும் ஒன்றே அல்ல என்று எச்சரித்துக்கொண்டிருக்கிறது. முகமாகிய மலர் என்று சொல்லும்போது அந்தக் காவல் நீங்கிவிடுகிறது, முகமே மலராகிவிடுகிறது, இனி அது வாடலாம், குவியலாம், அதில் வண்டு வந்து மொய்க்கலாம். உருவகத்தின் வலிமை முழுவதும் இந்தச் சுதந்திரத்தில் அடங்கியிருக்கிறது. இரு பொருள்களில் ஒன்றை மட்டும் உருவகம் செய்துவிட்டு மற்றதை வாசகனே ஊகிக்கும்படி விட்டுவிடுவதும் உண்டு. அதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர். ஒருவனுடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவன் செய்யும் கருமமே கட்டளைக்கல் என்று வள்ளுவர் சொல்லும் இடம் அதற்குப் பாடப்புத்தக உதாரணம். கருமத்தைப் பொன்னுரைக்கும் கல்லாக்கியவர், மனிதனைப் பொன் என்று சொல்லவே இல்லை. கல்லைக் கண்டவுடன் பொன் தானே வந்துவிடுகிறது. சொல்லாமல் விட்டதனால் அந்தக் குறள் எத்தனை கனம் பெற்றிருக்கிறது என்பதை, அணியின் பெயரை மனப்பாடம் செய்த மாணவனிடம் யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

உருவகத்தைக் கற்பிக்க முடியுமா என்னும் சந்தேகம் மிகப் பழையது. கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலில், கவிக்கு வேண்டிய திறமைகளுள் உருவகத்தை ஆளும் திறமையே தலையாயது என்றும், அதை மட்டும் ஒருவர் மற்றொருவரிடமிருந்து கற்றுக்கொள்ள இயலாது என்றும், வேற்றுமை நிறைந்த பொருள்களிடையே ஒற்றுமை காணும் கண் பிறவியிலேயே வாய்க்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்துவிட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மேல்நாட்டார் அதை வேதவாக்காகக் கொண்டிருந்தனர். 1936இல் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், சொல்வன்மையின் தத்துவத்தைப் பற்றிய தம் நூலில் அதை நேராக மறுத்தார். ஒப்புமை காணும் கண் இல்லாவிட்டால் மனிதன் பேசக் கற்றுக்கொள்ளவே முடியாது, ஆகவே அது எல்லாருக்கும் பொதுவான உடைமை, ஒருவருக்கொருவர் அளவில்தான் வேற்றுமை, அந்த அளவைத் தக்க பயிற்சியால் உயர்த்த முடியும் என்பது அவருடைய வாதம். நான் ரிச்சர்ட்ஸின் பக்கம் நிற்கிறேன். கோபம் தலைக்கேறுகிறது, மனம் கனக்கிறது, பேச்சு சூடேறுகிறது, வயிறு எரிகிறது என்றெல்லாம் அன்றாடம் பேசும் மக்களுக்கு உருவகம் எங்கிருந்தோ வந்த அபூர்வ வஸ்து அன்று. அவர்கள் அதைப் புழங்குகிறார்கள். தாம் புழங்குவதைக் கவனிப்பதில்லை, அவ்வளவே.

தமிழிலக்கண ஆசிரியர்களும் இதைக் கற்பிக்கத்தக்க விஷயமாகவே கருதியிருக்கிறார்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஏழாவதாகிய உவமவியல் முழுவதும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. உவமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியர் நான்காகப் பிரிக்கிறார். செயலால் ஒத்திருத்தல், விளைவால் ஒத்திருத்தல், வடிவால் ஒத்திருத்தல், நிறத்தால் ஒத்திருத்தல் என்பது உரையாசிரியர்கள் தரும் விளக்கம். புலி போலப் பாய்வது வினை; மாரி போல் வழங்கும் கை பயன்; துடி போன்ற இடை மெய்; தளிர் போன்ற மேனி உரு. இதுவரையில் எல்லாப் பள்ளிகளிலும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. ஆனால் இந்த நான்கும் ஏற்கனவே எழுதப்பட்ட உவமைகளை வகைப்படுத்தி அடுக்கி வைப்பதற்கான அறைகள் மட்டும் அல்ல. புதிதாக ஓர் உவமையைத் தேடிப் புறப்படுகிறவன் ஒரு பொருளிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளும் அவையே. நீ என்ன செய்கிறாய்? உன்னால் யாருக்கு என்ன கிடைக்கிறது? உன் வடிவம் என்ன? உன் நிறமும் மேற்பரப்பும் எப்படிப்பட்டவை? உபாத்தியாயர் இந்தக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு சாதாரணப் பொருளை மாணவர் முன் வைப்பாரேயானால், சூத்திரம் கருவியாக மாறிவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு; அதைத்தான் நாம் முற்றிலும் மறந்துவிட்டோம். வடமொழியில் தண்டி இயற்றிய காவியாதர்சத்தைத் தழுவித் தமிழில் எழுந்த தண்டியலங்காரம், பொருளணிகள் முப்பத்தைந்தை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது உவமையை அன்று, உருவகத்தையும் அன்று, தன்மை அணியை. எவ்வகைப் பொருளையும் அதன் இயல்பு மாறாமல், உள்ளது உள்ளபடி, கேட்போர் கண்முன் நிற்குமாறு சொல்லுவது தன்மை. வடமொழியார் அதை ஸ்வபாவோக்தி என்பர். அதற்கு அடுத்தது உவமை, அதற்கும் அடுத்தது உருவகம். ஒப்பனையே இல்லாத வர்ணனையை ஒப்பனைகளின் பட்டியலில் முதலில் வைத்ததை ஏற்காத அறிஞர்களும் அக்காலத்திலேயே இருந்தனர். பொருளின் இயல்பு உடம்பு போன்றது, உடம்பே எப்படி ஆபரணமாகும் என்று குந்தகர் போன்றோர் ஆட்சேபித்தனர். சாஸ்திர விவாதமாக அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் எழுதப் பயிலுகிறவனுடைய தேவையை நினைத்துப் பார்த்தால், தண்டி வைத்த வரிசையே சரியான பாடத்திட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளின் தன்மையைப் பாராதவனுக்கு அதன் உவமை தெரியாது. உவமையைச் சோதித்துப் பாராதவன் உருவகத்துக்குத் தாவினால், பிறர் எழுதி எழுதித் தேய்ந்த உருவகமே அவன் கைக்கு வந்து சேரும்.

ஒரு பையன் தன் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 'என் பாட்டி ஒரு தியாகச் சுடர். குடும்பத்துக்காகத் தன்னையே உருக்கிக்கொண்ட மெழுகுவர்த்தி' என்று தொடங்குவான். அவன் மீது குற்றமில்லை. மேடையிலும் மலரஞ்சலியிலும் அவன் கேட்டது அதுதான். அவனிடம் பாட்டியைச் சற்றே ஒதுக்கி வைக்கச் சொல்லி, அவன் வீட்டுக் கிணற்றடியில் இருக்கும் ராட்டினத்தைப் பற்றி, உவமையோ உருவகமோ ஒன்றுகூட இல்லாமல், கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதிவரச் சொல்ல வேண்டும். இரும்பு ராட்டினம், நடுவே கயிறு ஓடி ஓடிப் பளபளத்துப் போன பள்ளம், ஓரங்களில் துரு, இழுக்கும் ஒவ்வொரு முறையும் முனகுகிறது, எண்ணெய் விட்டால் இரண்டொரு நாள் பேசாமல் இருந்துவிட்டு மறுபடியும் தொடங்குகிறது, அத்தனை தண்ணீரும் அதன் மேலாகவே வருகிறது, அதன்மேல் தெறிக்கும் துளியோ வெயிலில் உடனே காய்ந்துவிடுகிறது. இவ்வளவையும் எழுதியபின், வினை, பயன், மெய், உரு என்னும் நான்கையும் முன்னே வைத்து, இந்த ராட்டினம் உனக்குத் தெரிந்த யாரையாவது நினைவூட்டுகிறதா என்று கேட்டால், பாட்டியின் பெயரை நாம் எடுக்க வேண்டிய அவசியமே இராது. 'எண்ணெய் காணாத ராட்டினம் போல் பாட்டி ஒவ்வொரு வேலைக்கும் முனகுவாள். முனகிக்கொண்டே எல்லார் குடத்தையும் நிரப்பிவிடுவாள்' என்று அவனே எழுதுவான். இவ்வாக்கியத்தின் முற்பாதி உவமை. பிற்பாதியில் 'போல்' மறைந்து, பாட்டியே ராட்டினமாகிவிட்டாள். எந்த இடத்தில் உவமை உருவகமாக மாறியது என்று அவனுக்கே விளங்காமல் அது மாறியிருக்கும். பாட்டி முனகுகிறவள் என்னும் உண்மையும் உள்ளே வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். மெழுகுவர்த்தி அவளைத் தெய்வமாக்கி அவளிடமிருந்து முனகலைப் பறித்துவிட்டது. ராட்டினம் அவளை அவளாகவே விட்டு வைத்திருக்கிறது.

பாரதியாரின் வசன கவிதையில் காற்றைப் பற்றிய பகுதியைப் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. வீட்டு மாடியில் ஓர் ஓலைப்பந்தல். அதன் மூங்கிலிலிருந்து மிச்சக் கயிறு ஒரு சாண் நீளம் தொங்குகிறது. பந்தல் எதனால் ஆனது, கயிறு எங்கே தொங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் கணக்கெழுதுகிறவரைப் போல் நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் அவர் அந்தக் கயிற்றோடு பேசத் தொடங்குகிறார். பக்கத்தில் தொங்கும் இன்னொரு கயிறும் சேர்ந்து, இரண்டும் கந்தனும் வள்ளியம்மையுமாகிக் காதல் செய்கின்றன. அந்தச் சாண் அளவு இல்லாதிருந்தால் கந்தனை நாம் நம்பியிருக்க மாட்டோம். அற்புதத்துக்கு முன்னால் அளவைச் சொல்லும் இந்தப் பழக்கத்தை மாணவர் யாவரும் பாரதியிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

தன்மையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒப்புமைகள் எவ்வளவு வேறுபட்டு வரும் என்பதற்குக் குறுந்தொகையைக் காட்டிலும் சிறந்த பள்ளி வேறில்லை. அத்தொகையில் சில புலவர்களுடைய இயற்பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாடிய உவமையே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். பாறையில் மோதி மோதிக் கரையும் நுரையைப் பாடியவர் கல்பொருசிறுநுரையார். ஈரம் காயுமுன் உழுதுவிடத் தவிக்கும் ஒற்றை ஏர்க்காரனைப் பாடியவர் ஓரேருழவனார். ஏவி விடுவாரும் விலக்கி விடுவாரும் இன்றிக் குப்பைமேட்டில் தாமே போரிட்டுத் தாமே ஓயும் கோழிகளைப் பாடியவர் குப்பைக்கோழியார். தாய் தந்தையர் இட்ட பெயரைக் காலம் மறந்துவிட்டு, அவர்கள் ஒருமுறை சரியாகப் பார்த்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது.

இவர்களுள் இருவரை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஐம்பத்து நான்காம் பாட்டைப் பாடியவர் மீனெறிதூண்டிலார். எழுபத்து நான்காம் பாட்டைப் பாடியவர் விட்டகுதிரையார். இருவரும் பார்த்தது ஒரே பொருள். மலைநாட்டில் விசும்பை நோக்கி விசையோடு நிமிரும் பச்சை மூங்கில். முன்னவருடைய பாட்டில், தினைப்புனம் காப்பவர் வீசிய கவண்கல்லின் ஒலிக்கு வெருண்ட யானை, தான் வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலைக் கைவிட, அது மீனைத் தூக்கி எறியும் தூண்டிற்கோலைப்போல் மேலே எழுகிறது. பின்னவருடைய பாட்டிலோ மூங்கில் கட்டவிழ்த்து விடப்பட்ட குதிரையைப்போல் துள்ளி நிமிர்கிறது. இரண்டும் வினையால் வந்த உவமைகள். இரண்டிலும் விசை ஒன்றே. ஆனால் ஒருவர் தூண்டிலைத் தேர்ந்தார், மற்றவர் குதிரையைத் தேர்ந்தார்; ஏன்?

முதற்பாட்டில் பேசுகிறவள் கைவிடப்பட்டோமோ என்று அஞ்சும் தலைவி. நான் இங்கே இருக்கிறேன், என் நலமோ அவனோடு அங்கேயே நின்றுவிட்டது என்று அவள் சொல்லுகிறாள். அவளுக்குத் தூண்டில்தான் பொருந்தும். தூண்டில் மேலே எழும்போது ஓர் உயிர் தன் நீரை விட்டுப் பறிக்கப்படுகிறது. யானை வந்து வளைத்ததும், யாரோ எழுப்பிய ஓசைக்கு அஞ்சி விட்டுவிட்டதும் அவளுடைய கதையே. ஆனால் 'என்னைப் போல' என்று அவள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. இரண்டாம் பாட்டில் பேசுகிறவள் தோழி. தலைவன் நம்மை எண்ணி, வேனிற்காலத்து எருதுபோல் வாடிப்போயிருக்கிறான், நாம் அவனை எண்ணுவதை அறியாமல் இருக்கிறான் என்று சொல்லி, தலைவியின் மனத்தைத் திருப்புவது அவள் நோக்கம். அவிழ்த்துவிட்ட குதிரையின் துள்ளல் அவன் நாட்டு மூங்கிலுக்கு. வெயிலில் சோர்ந்த எருதின் வாட்டம் அவனுக்கு. நாடு துள்ளுகிறது, நாடன் துவள்கிறான். இரு விலங்குகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கொண்டே அவனுடைய துயரத்தின் ஆழத்தைப் புலவர் அளந்து காட்டிவிட்டார். தூண்டிலையும் குதிரையையும் இடம் மாற்றி வைத்தால் இரண்டு பாட்டுகளும் கெட்டுவிடும். உவமை பொருளுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, சொல்லுகிறவளுடைய நெஞ்சுக்கும் பொருந்த வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடத்தை நான் அறியேன்.

உள்ளுறை உவமம் என்று தொல்காப்பியர் சொல்லுவதும் இங்கேதான் விளங்குகிறது. யானை, மூங்கில், புனங்காவலர், கவண் ஆகிய கருப்பொருள்களை மட்டும் சொல்லி, அவற்றுக்குள்ளே மனிதர் கதையை ஒளித்து வைத்துவிடுவது உள்ளுறை. கருப்பொருள்களுள் தெய்வத்தை மட்டும் அதற்கு நிலைக்களமாக்கலாகாது என்று ஒரு வரம்பும் உண்டு. உவமவுருபும் கிடையாது, 'ஆகிய' என்பதும் கிடையாது; வாசகன் தன் முயற்சியால் அடைந்தாலொழிய அந்தப் பொருள் கிட்டாது. எழுதப் பயிலுகிறவன் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் இது. தொடக்கத்திலேயே இதை முயலச் சொன்னால் அவன் எழுதுவது விடுகதையாகிவிடும்.

ஓர் உருவகத்தை எடுத்துவிட்டால் அதைக் கடைசிவரையில் காப்பாற்றுவது தனிக் கலை. வைணவ மரபில் முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூரில், மழை பெய்த ஓர் இரவில், ஒரு வீட்டின் இருண்ட இடைகழியில் நெருங்கி நின்றபோது பாடியனவாகச் சொல்லப்படும் அந்தாதிகளில், முதல் இரண்டும் விளக்கேற்றித்தான் தொடங்குகின்றன. பொய்கையாழ்வார் பூமியை அகலாகவும், கடலை நெய்யாகவும், கதிரவனைச் சுடராகவும் வைத்து ஏற்றுகிறார். பூதத்தாழ்வார் அன்பை அகலாகவும், ஆர்வத்தை நெய்யாகவும், உருகும் சிந்தையைத் திரியாகவும் வைத்து, ஞானமாகிய விளக்கை ஏற்றுகிறார். இரண்டும் பாடப்புத்தகங்களில் உருவகத்துக்கு உதாரணமாக வருபவை. ஆனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி மாணவரிடம் சொன்னால், முன்னதில் திரி இல்லை என்பதை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அகல் உண்டு, நெய் உண்டு, சுடர் உண்டு. எரிந்துபோகிற பொருள் ஒன்றும் இல்லை. உலகமாகிய விளக்குக்குத் தன்னைக் கொடுத்துத் தேய வேண்டியவர் யாரும் இல்லை போலும். உள்ளத்துக்குள்ளே ஏற்றும் விளக்குக்கோ ஒருவருடைய சிந்தை திரியாகிக் கருகியாக வேண்டும். ஆழ்வார்கள் இப்படி எண்ணித்தான் பாடினார்களா என்று வாதிட நான் வரவில்லை. உருவகத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், வாசிப்பவனுக்கு இத்தகைய வாசல்கள் திறக்கும், எழுதுகிறவனுக்குத் தன் உருவகத்தில் எந்த உறுப்பு குறைகிறது என்பதும் விளங்கும்.

இந்தப் பழக்கம் இல்லாததனால் வரும் கேட்டை மேடைப் பேச்சுகளில் தினமும் கேட்கிறோம். வறுமைத் தீயில் மூழ்கி, கல்விக் கடலின் ஏணியில் ஏறி, வெற்றிக் கனியை எட்டிப் பிடித்தார் என்று ஒருவரைப் புகழ்ந்தால், தீயில் எப்படி மூழ்குவது, கடலுக்கு ஏணி எங்கே என்று கேட்பவர் இல்லை. கேட்பவர் இல்லாமைக்குக் காரணம், சொன்னவரும் கேட்டவரும் தீயையோ கடலையோ ஏணியையோ மனக்கண்ணால் பார்க்காமையே. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் அரசியலையும் மொழியையும் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த நோயைச் சரியாகக் கண்டறிந்தார். புதிதாகப் பிறந்த உருவகம் மனத்தில் காட்சியை எழுப்பும்; முற்றிலும் இறந்துபோன உருவகம் சாதாரணச் சொல்லாகிப் பயன்படும்; இரண்டுக்கும் நடுவே, காட்சியும் எழுப்பாமல் சொல்லாகவும் ஆகாமல் கிடப்பவையே சிந்தனையைக் கெடுக்கின்றன என்பது அவர் கருத்து. அச்சில் பார்த்துப் பழகிய உருவகம் எதையும் எழுதாதே என்பது அவர் விதித்த முதல் விதி. துன்பக்கடல், இன்பவெள்ளம், அறிவுச்சுடர், காலச்சக்கரம் ஆகிய நம்முடைய தொடர்கள் பெரும்பாலும் அந்த நடுநிலத்தில் கிடப்பவைதாம். அவற்றை முதலில் சொன்னவர்கள் கடலையும் வெள்ளத்தையும் கண்ணால் கண்டு சொன்னார்கள். நாம் அவர்களுடைய சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

புதுக்கவிதை எழுந்தபோது இதற்கு ஒரு மாற்று வந்ததாகவே பலரும் நம்பினர். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய எழுத்து பத்திரிகையில் படிமம் என்னும் சொல் புதிய பொருளோடு புழக்கத்துக்கு வந்தது. திருகோணமலையிலிருந்து எழுதத் தொடங்கிய தருமு சிவராமு, பிற்காலத்தில் பிரமிள் என்று அறியப்பட்டவர், படிமங்களாலேயே பேசும் கவிதைகளைத் தந்தார். பின்னால் வந்த பலர் அந்தப் படிமங்களின் வெளித்தோற்றத்தை மட்டும் பின்பற்றியதால், வரிக்கு ஒரு வியப்பு, வியப்புக்கு மேல் வியப்பு என்று கவிதைகள் மூச்சுத் திணறின. துன்பக்கடலுக்குப் பதிலாக இன்னொரு வாய்பாடு வந்தது, பார்வை வரவில்லை.

நியூயார்க்கில் கவிஞர் கென்னத் கோக் செய்த காரியம் இவ்விடத்தில் எனக்கு மிகவும் ஆறுதலாக இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த அவர், 1968இல் மன்ஹாட்டனில் உள்ள ஒரு சாதாரண அரசுத் தொடக்கப்பள்ளிக்குச் சென்று சிறுவர் சிறுமியருக்குக் கவிதை எழுதக் கற்பித்தார். எதுகை வேண்டாம், எழுத்துப்பிழை பற்றிய கவலை வேண்டாம் என்று முதலில் அவர்களுடைய அச்சத்தைப் போக்கினார். ஒவ்வொரு குழந்தையும் தன் விருப்பம் ஒன்றை ஒரு வரியாக எழுத, எல்லா வரிகளையும் சேர்த்து வகுப்புக்கே சொந்தமான ஒரு கவிதையாகப் படித்துக்காட்டினார். பின்னொரு முறை வரிதோறும் ஓர் ஒப்புமை வைத்து எழுதச் சொன்னார். அணியின் பெயரையோ வகையையோ அவர் கேட்கவில்லை. 1970இல் வெளிவந்த அவருடைய நூலில் அந்தக் குழந்தைகளின் கவிதைகள் அச்சாகியிருக்கின்றன. அதற்கடுத்து, பெருங்கவிஞர்களின் கவிதைகளை அதே குழந்தைகளின் முன் வைத்து, அவற்றிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு தாமே எழுதும்படி தூண்டினார். பின்னர் முதியோர் இல்லத்துக்கும் போய், அதற்குமுன் கவிதையே எழுதியிராத முதியவர்களை எழுத வைத்தார். கற்பிக்க முடியாது என்று அரிஸ்டாட்டில் சொன்னதைக் குழந்தைகளும் முதியவர்களும் செய்துகாட்டினார்கள். இதை இங்கே அப்படியே பெயர்த்து நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரிதோறும் ஒப்புமை என்னும் பயிற்சி உற்சாகத்தைத் தரும், அளவறிவைத் தராது. ஆனால் பயத்தை முதலில் நீக்கியதும், பழைய கவிதையைச் சோதனைப் பொருளாக வைக்காமல் தூண்டுகோலாக வைத்ததும் நம் உபாத்தியாயர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளத் தக்கவை.

நம்மிடம் அதற்கு வேண்டிய செல்வம் ஏராளமாக இருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1937இல் உரையோடு பதிப்பித்த குறுந்தொகை இருக்கிறது. நாலடி முதல் எட்டடி வரை நீளும் சிறு பாட்டுகள், ஒரு வகுப்பு நேரத்தில் படித்து முடிக்கக் கூடியவை. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, உவமை வரும் அடியை மட்டும் மறைத்துவிட்டு, எஞ்சிய சூழ்நிலையை எளிய தமிழில் மாணவருக்குச் சொல்லலாம். தலைவி இருக்கும் ஊருக்குத் தலைவன் நெடுந்தொலைவில் இருக்கிறான்; அவளிடம் போய்ச் சேர அவன் நெஞ்சு பறக்கிறது; அந்த அவசரம் எதைப் போன்றது என்று கேட்கலாம். பேருந்தைத் தவறவிட்டவனும், தேர்வு மணி அடிக்கப் போகிற நேரத்து மாணவனும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தவளும் காகிதங்களில் வருவார்கள். எல்லாவற்றையும் பலகையில் எழுதியபின், அவசரம் மட்டும் இருக்கிறதா, காலம் தப்பினால் மீளாது என்னும் பயமும் இருக்கிறதா, அவசரப்படுகிறவனிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான் என்னும் ஏழைமையும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் அவர்களே சோதித்துப் பார்க்கட்டும். அதன்பிறகு ஓரேருழவனாருடைய அடியைத் திறந்து காட்டினால், அந்த உவமையின் பெயர் என்ன என்று கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இராது. பலகையிலிருக்கும் வரிகளுள் எதைத் திருத்தலாம், எதை அப்படியே விட்டுவிடலாம் என்பதே அன்றைய வகுப்பில் எஞ்சியிருக்கும் வேலை.